உங்கள் தங்கையின் தோட்டத்தை நாங்கள் தின்றுவிட்டது பற்றி

மதிப்புக்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன், தொண்டையைத் தவிர வேறு சொத்து சேர்க்காத மைக்செட்காரன், வணங்கி எழுதுவது. நீங்களும் வீட்டில் அக்காவும் பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள், வயலும் விதைப்பும் நல்லபடியாக இருக்கும் என்று நம்புகிறேன். இங்கே நானும் என் மகளும், அதாவது உங்கள் மருமகளும், நலம் என்று எழுதிவிட்டு, அதை அடித்து, மறுபடி எழுதி, மறுபடி அடித்ததில் தாள் கிழிந்துவிட்டது. மேலே இருக்கும் ஓட்டை எலி கடித்ததல்ல.

முதலில் மானம் போன கதையைச் சொல்லிவிடுகிறேன். போன வாரம், நான்கு குழாய் ஸ்பீக்கரில், என் சொந்த மைக்கில், என் சொந்தக் குரலில், பெற்ற மகளை நானே பட்டினி போடுகிறேன் என்று ஊருக்கே அறிவித்துவிட்டேன். யாரும் காசு கொடுத்துச் சொல்லச் சொன்னதல்ல, முழுக்க இலவச சேவை. இதற்குள் நம் ஊரிலிருந்து யாராவது உங்களுக்குப் போன் போட்டிருப்பார்கள். அவர்கள் சொன்னதில் பாதிதான் உண்மை. மீதிப் பாதி அதைவிட மோசம், அதை நான் சொல்கிறேன். நானும் போனிலேயே சொல்லியிருக்கலாம். போனில் குரல் நடுங்கினால் உங்களுக்குத் தெரிந்துவிடும். கடிதத்தில் எழுத்து நடுங்கினால், இவன் கையெழுத்து எப்பவுமே இப்படித்தான் என்று விட்டுவிடுவீர்கள்.

எங்கள் சுகாதார நிலையத்துக்குப் புதிதாக ஒரு நர்சம்மா வந்திருக்கிறார். குட்டை உருவம், விறுவிறுவென்ற நடை, வீட்டுக்கு வீடு நுழைந்து அடுப்பில் என்ன இருக்கிறது என்று மூடியைத் தூக்கிப் பார்க்கிற பழக்கம். தூக்கிப் பார்த்ததில் அவருக்குப் புரிந்தது இதுதான்: இந்த ஊரில் முட்டை போடுகிற கோழி இருக்கிறது, கறக்கிற மாடு இருக்கிறது, காயும் கீரையும் பயறும் விளைகிறது, அத்தனையும் விடிவதற்குள் லாரி ஏறி நகரத்துக்குப் போகிறது, அதே லாரி திரும்பும்போது பாக்கெட் பாக்கெட்டாக ஏற்றிக்கொண்டு வருகிறது, உள்ளே கொஞ்சம் மாவு, கொஞ்சம் உப்பு, நிறையக் காற்று. பிள்ளைகள் வெளிறிப்போய் இருக்கிறார்கள், பெண்களுக்கு நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, ஆனால் எல்லார் கையிலும் பாக்கெட். உங்கள் கொல்லையில் விளைகிறதை முதலில் உங்கள் தட்டில் போடுங்கள், மிச்சத்தை விற்றுக்கொள்ளுங்கள். அவர் சொல்ல வந்தது இவ்வளவுதான். அதைச் சொல்ல ஒரு குரல் வேண்டியிருந்தது, என்னைப் பிடித்தார்கள்.

மச்சான், நான் கூலிக்குப் பேசவில்லை, உருகிப் பேசினேன். வண்டியில் குழாயைக் கட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போய், "தாய்மார்களே, உங்கள் வேலியோரக் கீரைதான் உங்கள் பிள்ளையின் ரத்தம்" என்றேன். இது நானே கட்டிய வசனம். தையல்காரர் வீட்டில் முட்டையை விற்பதா பேரனுக்குக் கொடுப்பதா என்று மாமியாருக்கும் மருமகளுக்கும் சண்டை மூண்டு, சண்டை முடிவதற்குள் மாமனார் அதை உடைத்துக் குடித்துவிட்டாராம். எப்படியோ முட்டை ஊரைவிட்டுப் போகவில்லை, அதுவே ஒரு வெற்றிதான். அப்படி ஊரில் நாலு குடும்பம் தேறியது என்றால் அதில் என் தொண்டைக்கும் பங்கு உண்டு. மூலைக்கடைக்காரர் மட்டும் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். பாக்கெட்டெல்லாம் அவர் கடையில்தான் தொங்கும், அதனால் நாங்கள் அவரைப் பொட்டலம் என்றே கூப்பிடுவோம். பேச்சைத்தான் நிறுத்தினாரே ஒழிய வியாபாரத்தை நிறுத்தவில்லை, ஏனென்றால் பகலெல்லாம் அவருக்கு எதிராகக் கத்திவிட்டு, சாயங்காலமானால் அவர் கடையிலேயே பன்னும் பிஸ்கட்டும் பாக்கெட் நூடுல்ஸும் வாங்கிக்கொண்டு போகிற ஆள் நான். ஒருநாள் பொறுக்கமாட்டாமல், "என்னண்ணே, பிரச்சாரம் முடிஞ்சு பசிக்குதா?" என்று கேட்டுவிட்டார். நான் காது கேட்காதவன் மாதிரி வந்துவிட்டேன். என் தொழிலில் காது கேட்காது என்றால் எல்லாரும் நம்புவார்கள்.

ஏன் பன் என்று கேட்பீர்கள். அதைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றி வருகிறேன். வீட்டுக்குப் பின்னால் உங்கள் தங்கை போட்டிருந்த தோட்டம் உங்களுக்குத் தெரியும். கூட இருந்த எனக்குத்தான் தெரியாது. ஒவ்வொரு காய்ப்பிலும் நல்லதாக ஒரு காயைப் பறிக்காமல் விதைக்கு விடுவாள், யாரும் கைவைத்துவிடாமல் இருக்க அதன் காம்பில் ஒரு துணித்துண்டைக் கட்டுவாள். துணி என்றால் என் சட்டைதான். ஓய்வுபெற்ற என் சட்டைகள் எல்லாம் சுரைக்காயிடம்தான் மறுபடி வேலைக்குச் சேர்ந்தன. அவள் போய் ஒன்றரை வருஷம் ஆச்சு. அப்போது காரியம் முடிந்து நீங்கள் எல்லாரும் ஊர் திரும்பிய மறுநாள், வீட்டுக்குள் இருக்க முடியாமல் பின்னால் போய் நின்றேன். கொடியில் ஒரு சுரைக்காய், அதன் காம்பில் என் நீலக்கட்டம் போட்ட சட்டையின் கை, அவள் போட்ட முடிச்சு. ஒரு மனுஷன் தன் சட்டையைப் பார்த்து அப்படி அழுதிருக்கக் கூடாது. பக்கத்தில் ஒரு பிஞ்சு இருந்தது. இதுவும் அவள் வைத்த கொடியில் வந்ததுதானே என்று அதற்கும் ஒரு துண்டு கட்டினேன். அப்புறம் அடுத்ததற்கு. அப்படியே அவரைப் பந்தலுக்குப் போனேன், கீரைப் பாத்தியைச் சுற்றிப் போர்வையைக் கிழித்து வேலி கட்டினேன். கோடையில் கொடி வாடிச் சுருண்டபோது எல்லாம் முடிந்தது என்று பயந்தேன். பிறகு ஒருநாள் பார்த்தால் பச்சைப்பசேல் என்று நிற்கிறது. உங்கள் தங்கையின் பிடிவாதம் உங்களுக்குத் தெரியாதா, அவள் கைபட்டது மட்டும் லேசில் போய்விடுமா என்று நினைத்துக்கொண்டேன். மறுபடி கட்ட ஆரம்பித்தேன், ஓய்வுபெறாத சட்டைகளும் போயின. முடிவெட்டுகிறவர் வேலியோரம் நின்று, "அண்ணே, உங்க சட்டையெல்லாம் நல்லாக் காய்ச்சிருக்கே, எனக்கு ஒரு முழுக்கை பறிச்சுக் குடுங்களேன்" என்று கிண்டல் செய்தார். செய்யட்டும். வேலை முடிந்து வந்ததும் அங்கே ஒரு கல்லில் உட்கார்ந்து அவளிடம் அன்றைய ஊர்வம்பையெல்லாம் சொல்லுவேன். இருந்தபோது பாதியில் எழுந்து போய்விடுவாள். இப்போது எங்கே போவாள்.

உங்கள் மருமகள் ஒரே ஒரு தரம்தான் கேட்டாள், "அப்பா, கொஞ்சம் அவரைக்காய் பறிச்சுக்கட்டுமா?" என்று. "அது அம்மா வெச்சதும்மா" என்றேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள், என்னவோ சொல்ல வாயெடுத்தாள், அப்புறம் சொல்லவில்லை. மறுபடி கேட்கவும் இல்லை. செடிகளுக்குத் தண்ணீர் மட்டும் தவறாமல் ஊற்றிவிட்டுப் பள்ளிக்கூடம் போவாள், பன்னைத் தின்றுகொண்டே.

போன வாரம் அந்தப் பள்ளிக்கூட மைதானத்தில்தான் முகாம். விரலில் ஊசியால் குத்தி, ஒரு சொட்டு எடுத்து, சின்ன மெஷினில் வைத்து ரத்தம் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துச் சொல்வார்கள். நான் மேஜை போட்டு உட்கார்ந்து மைக்கில் ஒவ்வொரு தெருவாக அழைத்துக்கொண்டிருந்தேன். குத்துக்குப் பயந்து பின்வாசல் வழியாக நழுவிய பால்காரரை அடையாளம் சொல்லி அறிவித்து, எல்லாரையும் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் வரிசையில் உங்கள் மருமகளும் நின்றாள். அவள் வகுப்பில் மயங்கி விழுந்திருக்கிறாள், மச்சான், அதுவும் ஒரு தரம் இல்லை. என்னிடம் சொல்லவில்லை. டீச்சர்தான் நர்சம்மாவிடம் சொல்லியிருக்கிறார். அவளுக்குப் பார்த்து முடித்ததும் நர்சம்மா நேரே என் மேஜைக்கு வந்து குனிந்தார். நான் மரியாதைக்கு மைக்கை உள்ளங்கையால் மூடினேன். கையால் மூடினால் மைக் செவிடாகிவிடாது என்று இத்தனை வருஷத் தொழிலில் எனக்குத் தெரியாதா? தெரியும். அந்த நேரத்தில் தெரியவில்லை.

"உங்க பொண்ணுக்கு ரத்தம் ரொம்பக் கம்மியா இருக்கு. இதுக்கும் கீழ போனா பெரிய ஆஸ்பத்திரியில சேர்த்து ரத்தம் ஏத்தணும். என்னதான் சாப்பிடுறா?"

"பன்னுங்க. டீ."

"கீரை, பயறு, காய் எதுவும் கிடையாதா? பின்னால தோட்டம் இருக்குன்னு சொன்னாங்களே."

"இருக்குங்க. அது அவ அம்மா வெச்சது. அதை எப்படிங்க திங்கிறது?"

மெல்லத்தான் சொன்னேன். மெல்லச் சொன்னது நான்கு குழாய் வழியாகவும் போய், கடைத்தெருவில் மோதி, திரும்பி வந்து என் காதிலேயே விழுந்தது. யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் ஏதாவது பதில் சொல்லிச் சமாளித்திருப்பேன், அதில் நான் கெட்டிக்காரன். உங்கள் மருமகள் தலையைக் குனிந்தபடி விரலில் பஞ்சை அழுத்திக்கொண்டு நின்றாள். பொட்டலம்தான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து என் பெட்டியின் சுவிட்சை அணைத்தார். "எந்திரிங்கண்ணே. பிள்ளையக் கூட்டிட்டு வீட்டுக்குப் போங்க. சாமானெல்லாம் நான் பார்த்துக்கிறேன்" என்றார்.

அன்று சாயங்காலமே கத்தியை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன். கொலைக்குக் கிளம்பியவன் மாதிரி இருந்தேன் என்று பக்கத்து வீட்டார் அப்புறம் சொன்னார்கள். என் சட்டைகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தேன். நீலக்கட்டத்துக்கு வந்ததும் விரல் ஓடவில்லை. உங்கள் மருமகள் கூடையோடு நின்று, "நீங்க உள்ள போங்கப்பா, நான் அறுக்கிறேன்" என்றாள். அவளை அறுக்கவிட்டால் நான் மனுஷனே இல்லை. நானே அறுத்தேன். அது முற்றி மரமாகக் கிடந்தது. கத்தி வழுக்கியது, சரி என்று சுத்தியலால் ஒரு போடு போட்டேன், காய் உருண்டு ஓடிவிட்டது, பக்கத்தில் இருந்த தண்ணீர்க்குடம் உடைந்தது. இவ்வளவு நாள் பூதம் மாதிரிக் காவல் காத்ததில் முக்கால்வாசி இந்த லட்சணம்தான், உள்ளே விதை கலகலவென்று ஆடுகிற கட்டை. கீரை பூத்துத் தண்டெல்லாம் விறகாகிப் போச்சு. தின்னத் தக்கதாகத் தேறியது கொஞ்சம் நுனிக்கீரை, கொஞ்சம் அவரை, விரல் நீளத்தில் சில பிஞ்சுகள். அதையும் சமைத்தது நான். கீரையில் மண், அவரையில் நார், எதிலும் உப்பு போடவில்லை என்று பாதியில்தான் ஞாபகம் வந்தது. அவள் வழித்துச் சாப்பிட்டாள். தட்டை நீட்டி, "இன்னும் கொஞ்சம்" என்றாள். மச்சான், அந்த வார்த்தையை இந்த வீட்டில் கேட்டு எவ்வளவு நாளாச்சு. சட்டியோடு அவள் தட்டில் கவிழ்த்துவிட்டேன்.

மாத்திரையும் கொடுத்திருக்கிறார்கள். நகத்தில் நிறம் வர மாசக்கணக்கில் ஆகும் என்கிறார் நர்சம்மா. நான் தினமும் அவள் கையைப் பிடித்துப் பார்க்கிறேன். "ஜோசியக்காரர் மாதிரி பார்க்காதீங்கப்பா" என்கிறாள்.

ஆக, உங்கள் தங்கை இந்த மண்ணில் கடைசியாக வைத்துவிட்டுப் போனதையெல்லாம் நாங்கள் பறித்துத் தின்றுவிட்டோம். நேற்றோடு அவரையும் தீர்ந்தது, காய்ந்த கொடியையும் பிடுங்கிவிட்டேன். அந்த இடம் வெறும் மண்ணாகக் கிடக்கிறது, சாயங்காலம் வந்தால் எதன் முன்னால் உட்காருவது என்று தெரியவில்லை. கூடப் பிறந்த உங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் செய்துவிட்டேன், மன்னிக்க வேண்டும். அந்தக் கட்டைக்காய் ஒன்றிலிருந்து எடுத்த விதைகளை இதனுடன் மடித்து வைத்திருக்கிறேன். உங்கள் நிலத்தில் ஒரு மூலையில் போட்டுவையுங்கள். அவள் கை அங்கேயாவது இருக்கட்டும்.

அக்காவுக்கு என் வணக்கத்தைச் சொல்லவும். பிள்ளைகள் நோய்நொடி இல்லாமல், இருந்த இடத்திலிருந்து கூப்பிட்டால் பக்கத்து ஊருக்குக் கேட்கிற தெம்போடு நூறு வருஷம் இருக்கட்டும்.

இப்படிக்கு,
மாற்றுச் சட்டை இல்லாத உங்கள் வீட்டு மாப்பிள்ளை

பி.கு.: எழுத்துப்பிழை பார்க்கச் சொல்லி இதை உங்கள் மருமகளிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, ஒரு பிழையைக்கூடத் திருத்தாமல் திருப்பித் தந்தாள். பிறகு, "மாமாவுக்கு இதை அனுப்பாதீங்கப்பா. அவர் விவசாயம் பண்றவர்" என்றாள். சுரைக்கொடி அஞ்சாறு மாசத்துக்கு மேல் நிற்காதாம், கீரைக்கு அந்த ஆயுசுகூடக் கிடையாதாம். அம்மாவின் கொடி அந்தக் கோடையிலேயே செத்துவிட்டது, அம்மா துணி கட்டிய காய் அழுகி விழுந்துவிட்டது. அதிலிருந்த நீலக்கட்டத் துண்டை எடுத்துப் புதுக் காயில் கட்டியது இவள். கூடப் படிக்கிற பெண்ணிடம் விதை வாங்கி, பட்டுப்போகிறபோதெல்லாம் மற்ற எல்லாவற்றையும் மறுபடி மறுபடி போட்டதும் இவள்தான். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "தினமும் அதுங்ககிட்ட உட்கார்ந்து அம்மாவோட பேசிட்டிருந்தீங்க. நான் எப்படிப்பா சொல்றது?" என்றாள். அதனால் உறைக்குள் இருக்கும் விதை உங்கள் மருமகளுடையது, போடுவதும் விடுவதும் உங்கள் இஷ்டம். அப்படியானால் அம்மா வைத்தது ஒன்றுகூட மிஞ்சவில்லையா என்று கேட்டேன். ஒன்று மிஞ்சியிருந்ததாம், மூலையில் ஒரு கத்தரிச்செடி. வெட்டிவிட்டால் அது வருஷக்கணக்கில் துளிர்க்குமாம். காய் இல்லாததால் நான் துணி கட்டாமல் விட்ட ஒரே செடி அதுதான். போன மாசம், வண்டி திருப்ப இடைஞ்சலாக இருக்கிறது என்று பிடுங்கி எறிந்தேன்.