சீல்காரர் வீட்டு மாத்திரை

இன்றோடு இதற்கு ஒரு முடிவு கட்டுவது என்று சீல்காரர் பல் தேய்க்கும்போதே தீர்மானித்துவிட்டார்.

மருந்து ஆய்வாளர் என்பது அவர் உத்தியோகம். சீல்காரர் என்பது தெருவே சேர்ந்து வைத்த பெயர். வேலைக்குச் சேர்ந்த புதிதில் வீட்டில்தான் அரக்கு உருக்கிச் சீல் வைத்துப் பழகினார். கட்டைவிரலைச் சுட்டுக்கொண்டது அவர். நூலைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருந்தது மனைவி.

வீரியம் கூடிய வைட்டமின் மாத்திரைகளை டாக்டர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று அரசாங்க உத்தரவு வந்ததிலிருந்து, அவர் அரக்கு படாத மருந்துக்கடை கிடையாது. அவர் தலையைக் கண்டால் கடைக்காரர்கள் தும்மக்கூடப் பயந்தார்கள். அப்பேர்ப்பட்டவர் வீட்டு அலமாரியில் குண்டாக ஒரு டப்பா உட்கார்ந்திருந்தது. எதிர்வீட்டு அக்கா விற்றது. மனைவியின் மூட்டுவலிக்காம்.

"இதை நிறுத்து. உடம்புல சேர்ந்துக்கிட்டே போகும். கிட்னி போயிடும்."

"சத்து மாத்திரைதானே?"

"ஒரு மாத்திரையில ஒரு மாசத்துச் சத்து இருக்கு. நீ தினமும் முழுங்குற!"

"அப்போ ஒரே வருஷத்துல முப்பது வருஷத் தெம்பு. நல்லதுதானே?"

"அரசாங்கமே உத்தரவு போட்டிருக்கு!"

"கடைக்குத்தானே போட்டிருக்கு? என் அலமாரிக்கா?"

சட்டத்தில் இதற்குப் பதில் இல்லை. ஊரையெல்லாம் காப்பாற்றிவிட்டு இவளைக் கோட்டைவிட்டால் இதெல்லாம் ஒரு பிழைப்பா? அவள் குளிக்கப் போன சமயம் பார்த்து டப்பாவைக் கவிழ்த்தார். மாத்திரைகள் ஆபீஸ் பைக்குள் போயின. அதே நிறம், அதே அளவில் சர்க்கரை மிட்டாய்கள் டப்பாவுக்குள் வந்தன. காரியம் கச்சிதம் என்று தன்னையே மெச்சிக்கொண்டார்.

ஒரு வாரம் கழித்து, மனைவி மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாண்டி வந்தாள்.

"மூட்டுவலி போயே போச்சுங்க! தெரு முழுக்கச் சொல்லிட்டேன். எதிர்வீட்டு அக்காவுக்கு ஆர்டர் குவியுது!"

சீல்காரருக்குத் தலை சுற்றியது. மிட்டாய் செய்த வேலைக்கு மாத்திரை பேர் வாங்கிவிட்டது. இனி தெருவுக்கே கிட்னி மிஞ்சாது. மானம் போனால் போகட்டும் என்று வாயைத் திறந்தார்.

"அது மாத்திரையே இல்ல. மிட்டாய். நான்தான் மாத்தி வச்சேன்."

"தெரியும்."

"தெரியுமா?"

"நீங்க கிட்னின்னு சொன்னதுமே பயந்து நிறுத்திட்டேன். திருப்பிக் குடுக்கலாம்னு டப்பாவைத் திறந்தா உள்ளே எறும்பு! அக்காகிட்டயும் சொன்னேன், அவங்களும் விக்கிறதை விட்டுட்டாங்க. வலி போச்சு, ஆர்டர் குவியுதுன்னதெல்லாம் சும்மா. நீங்களா உண்மையைச் சொல்றீங்களான்னு பார்த்தேன்."

சீல்காரருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கண்கூடக் கலங்கிவிட்டது. ஆனால் அவள் விடுகிற மாதிரி இல்லை.

"இருங்க. டப்பா மேல ஒண்ணு எழுதியிருக்கு, உள்ளே வேற ஒண்ணு இருக்கு. உங்க ஆபீஸ்ல இதுக்கு என்ன பேரு?"

"போலி மருந்து" என்றார் சீல்காரர் சன்னக் குரலில்.

"அதான் முறைப்படி சாம்பிள் எடுத்தேன். மூணு பொட்டலம். நூல் சுத்தி, அரக்கு வச்சு, சாட்சிக் கையெழுத்தோட. ஒண்ணு என்கிட்ட. ஒண்ணு சாட்சிகிட்ட, அதான் எதிர்வீட்டு அக்கா."

"மூணாவது?"

"நேத்து ஒரு துணிப்பையைக் குடுத்து உங்க மேலதிகாரி மேடம்கிட்ட சேர்க்கச் சொன்னேனே. சேர்த்துட்டீங்கள்ல?"

சேர்த்துவிட்டிருந்தார். குனிந்து, இரண்டு கையாலும்.

போன் அடித்தது. மேடம்தான். சீல்காரர் தன் வீட்டுக் கூடத்திலேயே எழுந்து நின்றார்.

"மேடம், அது வந்து..."

"மிட்டாய்தானே? பார்த்துட்டேன், அது கிடக்கட்டும். அரக்கு ஒரு சொட்டு சிந்தல, நூல் ஒரு இழை தளரல. இப்படி ஒரு சீல் நம்ம ஆபீஸ்லயே நான் பார்த்ததில்ல. பிரிக்கிறதுக்கு முன்னாடியே தெரிஞ்சுபோச்சு, இது நீங்க வச்சது இல்லன்னு."