சோமண்ணைக்கு என்ன நட்சத்திரம்?

சிறுகதை எழுதுகிறவனுக்கு ஒரு நோய் உண்டு. வாசிக்கிறவர்கள் நம்பிவிட வேண்டும். நம்பிவிட்டால் என்ன செய்வது என்று மட்டும் ஒருவரும் சொல்லித் தருவதில்லை.

சுவிஸில், வின்டர்தூர் நகரில் எங்கள் தமிழ் மன்றத்தின் ஒன்றுகூடல். பாட்டு, நடனம் எல்லாம் முடிந்து, சாப்பாட்டுக்கு முன்னால் என்னை மேடையேற்றினார்கள். (பசித்தவனுக்கு இலக்கியம். யாருடைய யோசனையோ.) ஷ்லீரனில் ஒற்றை அறையில் இருந்து, உணவகத்தில் கோப்பை கழுவி, ஊரில் தங்கைமாரைக் கரைசேர்த்து, கடைசியில் தனியே செத்துப்போகும் சோமண்ணையின் கதையை வாசித்தேன். சோமண்ணை முழுக்க முழுக்க என் கற்பனை. ஆனால் ‘என் அறை நண்பர்’ என்று எழுதியிருந்தேன். கதை என்று சொல்லவுமில்லை. சொன்னால் யதார்த்தம் கெட்டுவிடும் என்பது அப்போதைய என் கொள்கை.

வாசித்து முடித்தேன். கைதட்டல் இல்லை. கதிரைகள் அரக்கும் சத்தம்தான் கேட்டது. எல்லோரும் எழும்பினார்கள். கொத்துரொட்டிக்குப் போகிறார்கள் என்று நினைத்து மனமுடைந்து போனேன். தலைவர் ஒலிவாங்கியை வாங்கினார்.

“சோமண்ணைக்கு எல்லாரும் ஒருக்கா அகவணக்கம் செலுத்துவம்.”

பிறக்கவே பிறக்காத ஒரு மனிதனுக்காக மண்டபமே தலைகுனிந்து நின்றது. அப்போதே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. (உயிரோடிருக்கும் எந்த எழுத்தாளனுக்கு இப்படி எழும்பி நிற்கிறார்கள்?)

அடுத்த கிழமை, மன்றத்துச் சமையலுக்குப் பொறுப்பான பவளக்கா போன் எடுத்தா. ஆருமில்லாமல் போன ஆத்மாவுக்குத் திரிம்பாக் கோயிலில் மோட்ச விளக்கு ஏற்ற ஒழுங்கு செய்துவிட்டாவாம். உரித்துக்காரராக நான்தான் நிற்க வேண்டுமாம். மனைவியைப் பார்த்தேன்.

“போங்கோ, செத்தவீட்டுக்காரர் நீங்கள்தானே” என்றாள்.

கோயிலில் ஐயர் பெயர் கேட்டார். சொன்னேன். நட்சத்திரம் கேட்டார். சோமண்ணை சோறு பிசைகிற விதம் வரை எழுதியவன், நட்சத்திரத்தை யோசித்திருக்கவில்லை. சாமிக்கு முன்னால் கதைவிட முடியுமா?

“பவளக்கா, அப்பிடி ஒரு மனுசன் இல்லை. அது நான் எழுதின கதை.”

பூமி பிளந்து என்னை விழுங்காதா என்றிருந்தது. பவளக்கா கோபித்தால் மன்றத்துப் பக்கமே தலைகாட்ட முடியாது. அவ என்னை ஏற இறங்கப் பார்த்தா.

“ஒரு கிழமையா அந்த மனுசனை நினைச்சு அழுறன். இல்லாத ஆளுக்கு ஆர் தம்பி அழுவினம்?” என்றா. பிறகு ஐயர் பக்கம் திரும்பினா. “பூராடம் எண்டு சொல்லுங்கோ ஐயா. அவரின்ரை குணத்துக்கு அதுதான்.”

விளக்கு எரிந்தது. பக்கத்தில் பவளக்கா விம்ம, நானும் அழுதேன். இவ்வளவு பெரிய காரியத்தையா இத்தனை நாளும் பொழுதுபோக்கு என்று சொல்லித் திரிந்தேன் என்று பயமாகவும் இருந்தது, சந்தோசமாகவும் இருந்தது.

இப்போதும் வருசா வருசம் பவளக்கா சோமண்ணையின் துவசத்துக்குப் படைத்துவிட்டு, வடை பாயாசத்தோடு எங்கள் வீட்டுக்கு வருவா. நான் புதுக்கதை எழுத உட்கார்ந்தால் போதும், இங்கேயே பிறந்து வளர்ந்த என் மகள் வந்து எட்டிப் பார்ப்பாள்.

“அப்பா, இந்தமுறை ஆராவது சாகினமோ? வடைக்குத்தான் கேக்கிறன்.”