மாம்பழத்தில் கட்டிய விடுகதை

மற்ற ஊர்க்காரர்கள் மாம்பழத்தைக் கண்டால் சாப்பிட நினைப்பார்கள். காரைக்கால்காரனை மாடியில் நிற்க வைத்து, கையில் ஒரு மாம்பழத்தைக் கொடுத்துப் பாருங்கள், கீழே எறிந்துவிடுவான். மாங்கனித் திருவிழாவில் சாமி வரும்போது மாடியிலிருந்து மாம்பழம் எறிவதையும், தெருவில் நிற்பவர்கள் முட்டி மோதிப் பிடிப்பதையும் பார்த்து வளர்ந்த கை அது. சொன்ன பேச்சு கேட்காது. அன்றைக்கு நடந்த கூத்துக்கெல்லாம் அந்தக் கைதான் காரணம் என்று இன்றுவரை வாதாடி வருகிறேன். (மூளைக்கும் அதில் பங்கு உண்டு என்பது என் மனைவியின் கட்சி.)

என் மனைவி செல்வி, கோட்டுச்சேரிப் பக்கம் ஒரு தொடக்கப்பள்ளியில் ஆசிரியை. பள்ளி நூலகமும் அவள் பொறுப்புதான். நூலகம் என்றால் மாடியில் ஓர் அறை, இரண்டு அலமாரி, சத்தம் மட்டும் போடும் ஒரு மின்விசிறி. தெரிந்தவர், தெரியாதவர் என்று எல்லோரிடமும் கேட்டு அலைந்து அந்த அலமாரிகளைக் கதைப் புத்தகங்களால் நிரப்பியிருந்தாள். பிள்ளைகள்தான் எட்டிப் பார்க்கவில்லை.

தலைமையாசிரியை ஒருநாள் சொல்லிவிட்டார். அவரை எல்லோரும் பெரிய டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள்.

“புள்ளைங்க யாரும் அந்தப் பக்கமே வர மாட்டேங்குது செல்வி. இந்த வாரம் பாக்குறேன். இல்லன்னா ஒடஞ்ச பெஞ்ச எல்லாம் அங்க போட்டுடலாம்.”

அன்று இரவு மகளுக்கு ஊட்டிவிட்ட செல்வி, தான் சரியாகச் சாப்பிடவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. வீட்டிலேயே கணினி முன் உட்கார்ந்து வேலை பார்ப்பவன் நான். மீசை நரைக்கத் தொடங்கிய பிறகும் பறக்கும் நாகமும் பேசும் மரமும் வருகிற புத்தகங்களாகத் தேடிப் படிப்பவன்.

“நான் இருக்கேன்ல?” என்றேன். (இந்த வாக்கியத்தை நான் சொன்ன பிறகு எங்கள் வீட்டில் எதுவும் நல்லபடியாக முடிந்ததில்லை.)

முதலில் ஐந்தாம் வகுப்புக்குப் போய் ‘மேகத்தில் மிதக்கும் படகு’ என்ற புத்தகத்தை அறிமுகம் செய்தேன். கதை புரிய வேண்டுமே என்று படகோட்டியின் கொள்ளுத்தாத்தாவிடமிருந்து தொடங்கினேன். தாத்தா காலத்துக்கு வருவதற்குள் கடைசி வரிசை தூங்கிவிட்டது. முன்வரிசையில் அபிநயா என்ற பெண் கையைத் தூக்கினாள். ஆஹா, கேள்வி கேட்கப் போகிறாள் என்று மகிழ்ந்தேன்.

“சார், ஒண்ணுக்குப் போவணும்.”

அடுத்த நிமிடம் பாதி வகுப்புக்கு அதே அவசரம் வந்துவிட்டது.

பிறகுதான் விடுகதை யோசனை வந்தது. கதையைச் சொல்லாதே, ஒரு விடுகதையைப் போடு, விடை நூலகத்தில் ஏதோ ஒரு புத்தகத்தின் அட்டையில் இருக்கட்டும், பிள்ளைகள் தேடிக்கொண்டு வரட்டும். இதுவரைக்கும் நல்ல யோசனைதான். இதோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது. ஆனால் அது மாங்கனித் திருவிழா முடிந்த வாரம். ஊரெல்லாம் மாம்பழ வாசனை. சீட்டில் விடுகதையை எழுதி, அடியில் ‘விடை நூலகத்தில்’ என்று போட்டு, மாம்பழத்தில் சுற்றி, ரப்பர் பேண்டு போட்டால் என்ன என்று தோன்றியது.

“சீட்ட மட்டும் கையில குடுத்தா போதாதாங்க?” என்றாள் செல்வி.

“காரைக்கால்ல பொறந்துட்டு மாம்பழத்த யாராச்சும் கையில குடுப்பாங்களா?”

“எறியப் போறீங்களா!”

“லேசாத்தான்.”

வேறு வழி தெரியாததால் அவளும் தலையாட்டினாள். பெரிய டீச்சரிடம் ‘விடுகதைப் போட்டி’ என்று மட்டும் சொல்லி வைத்தோம். பிள்ளைகள் ருசித்துச் சாப்பிடட்டும் என்று நன்றாகக் கனிந்த பழமாகப் பார்த்து வாங்கினேன். (திருவிழாவுக்குச் சற்றே கெட்டியான பழமாகத்தான் வாங்குவோம். அது ஏன் என்று நான் அதுவரை யோசித்ததில்லை.)

வெள்ளிக்கிழமை பள்ளி விடும் நேரம். மாடி வராந்தாவில் கூடையோடு நின்றேன். கீழே பிள்ளைகள். முதல் பழத்தை லேசாகத்தான் போட்டேன். “ஓ!” என்று ஒரு கூச்சல் எழுந்தது. அவ்வளவுதான், அதன் பிறகு கை என்னுடையதாக இல்லை.

பிள்ளைகள் குடையைத் தலைகீழாக விரித்தார்கள், புத்தகப் பையைத் திறந்து பிடித்தார்கள். கூப்பிட வந்த அம்மாக்கள் முந்தானையை ஏந்தினார்கள். தெருவில் போனவர்கள், மாடியிலிருந்து மாம்பழம் பறந்தால் அது வேண்டுதல் என்று நினைத்து உள்ளே ஓடி வந்தார்கள். கோட்டுச்சேரிமேட்டிலிருந்து மீன் விற்க வந்த அக்கா கூடையோடு வந்து முதல் வரிசையில் நின்றார். “சீட்டு! சீட்டப் படிங்க!” என்று நான் கத்தியது யார் காதிலும் ஏறவில்லை. சீட்டோடு சேர்த்தே கடித்தவர்களும் உண்டு.

அப்போது வாசலில் ஒரு பைக் நின்றது. இளம் தம்பதி. கணவன் மேலே பார்த்துக் கும்பிட்டான்.

“அண்ணே, எங்களுக்கு ஒண்ணு போடுங்கண்ணே. கல்யாணமாயி நாலு வருஷமாச்சு.”

“தம்பி, இது வேண்டுதல் இல்ல, விடுகத!”

“எதுவா இருந்தாலும் பரவால்லண்ணே!”

அந்தப் பெண் ஏற்கெனவே முந்தானையை விரித்துவிட்டாள். திருவிழாவில் பிடித்த பழத்தைச் சாப்பிட்டால் குழந்தை பிறக்கும் என்பது ஊர் நம்பிக்கை. எப்படி மறுப்பது? இருப்பதிலேயே நல்ல பழமாக எடுத்துக் குறி பார்த்துப் போட்டேன். கச்சிதமாக விழுந்தது. கூட்டம் கைதட்டியது. அந்தக் கைதட்டலில் தலைகால் புரியாமல் அடுத்ததை வீசி எறிந்தேன்.

என்ன சத்தம் என்று பார்க்கப் பெரிய டீச்சர் அந்த நேரத்தில்தான் முற்றத்துக்கு வந்தார்.

பழம் அவர் தோளில் விழுந்து வெடித்தது. வெள்ளைப் புடவை. சாறு வழிந்தது, சீட்டு அப்படியே ஒட்டிக்கொண்டது. மீன்கார அக்கா கூடச் சத்தமில்லாமல் கூடையை இறக்கிவிட்டார். பெரிய டீச்சர் தோளிலிருந்து சீட்டைப் பிய்த்து எடுத்தார். செல்வியைப் பார்த்து, “திங்கக்கெழம பெஞ்சு வந்துடும்மா” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

வீட்டுக்குத் திரும்பும்போது செல்வி வண்டியில் என் தோளைப் பிடிக்கவில்லை. அவள் ஆசை ஆசையாகச் சேர்த்த அறையை நானே பெஞ்சுக்குத் தாரை வார்த்துவிட்டேன். எனக்கு அழுகை வந்தது.

திங்கட்கிழமை, புத்தகங்களைக் கட்டித் தூக்கவாவது உதவலாம் என்று போனேன். நூலக வாசலில் கால் வைக்க இடமில்லாமல் பிள்ளைகளின் செருப்புகள் கிடந்தன. உள்ளே ஒரே சண்டை. அபிநயா என்னைக் கண்டதும் ஒட்டிப்போன சீட்டு ஒன்றை நீட்டினாள்.

“‘வீட்டைச் சுமந்து ஊரெல்லாம் போவான், வாசலைத் தட்டினால்’... அதுக்கு மேல மாம்பழச் சாறு சார். தட்டுனா என்னா செய்வான்?”

உள்ளே ஒளிவான் என்று சொல்ல வாயெடுத்தேன். வாழ்க்கையில் முதல்முறையாக அடக்கிக்கொண்டேன்.

“தேடிப் பாரு.”

நத்தை என்றான் ஒருவன். ஆமை என்றாள் ஒருத்தி. அலமாரியே காலியாகும்படி புத்தகங்களை இறக்கிப் பார்த்தார்கள். கடைசியில் அபிநயா ‘நிலாவைத் திருடிய ஆமை’யை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தாள்.

“இதான் சார்! ஆனா அது எதுக்கு நெலாவத் திருடுச்சு?”

“எனக்குத் தெரியலயேம்மா” என்று புளுகினேன். (அந்த ஆமையின் கொள்ளுத்தாத்தா வரை எனக்கு அத்துப்படி.) அவள் அங்கேயே சம்மணம் போட்டுப் படிக்க உட்கார்ந்துவிட்டாள்.

பெஞ்சு தூக்கிய இரண்டு ஆட்களோடு பெரிய டீச்சர் வந்தார். செல்வி கதவோரம் நகர்ந்து நின்றாள். பெரிய டீச்சர் அறையைச் சுற்றிப் பார்த்தார். பிறகு கைப்பையிலிருந்து மஞ்சள் கறை படிந்த சீட்டு ஒன்றை எடுத்தார்.

“‘வெயிலில் கூடவே வருவான், வீட்டுக்குள் நுழைந்தால் காணாமல் போவான்.’ ரெண்டு நாளா யோசிக்கிறேன் சார். எங்க வீட்டுக்காரரும் தூங்கல. என்னா அது?”

அபிநயா புத்தகத்திலிருந்து தலை நிமிராமல் சொன்னாள்: “நெழலு டீச்சர். மேல்தட்டுல இருக்கு, ‘நிழலைத் தொலைத்த இளவரசி’.”

பெரிய டீச்சர் அந்தப் புத்தகத்தை எடுத்தார். நின்றபடியே முதல் பக்கத்தைப் படித்தார். அப்புறம் இரண்டாவது பக்கம். பெஞ்சைப் பிடித்திருந்த ஆட்களுக்குக் கை வலித்திருக்க வேண்டும்.

“அத என் ரூம்புல போடுங்கப்பா” என்றார்.

செல்வி என் கையைப் பிடித்து இறுக்கினாள். அந்தப் புடவைக் கறை போயிற்றா என்று நான் இன்றுவரை கேட்கவில்லை.

அடுத்த ஆனியில் அந்தப் பைக் தம்பதி கைக்குழந்தையோடும் ஒரு கூடை மாம்பழத்தோடும் பள்ளிக்கு வந்தார்கள். வேண்டுதல் பலித்துவிட்டதாம், அதே மாடியிலிருந்து எறிய வேண்டுமாம். பெரிய டீச்சர் இரண்டடி பின்வாங்கி, “மாம்பழம்லாம் வேணாம், புள்ளைங்களுக்குப் புத்தகமா குடுங்க” என்றார். கொடுத்தார்கள். கேள்விப்பட்டு இன்னும் சிலர் வந்தார்கள். இப்போது மூன்றாவது அலமாரிக்கு இடம் தேடிக்கொண்டிருக்கிறாள் செல்வி.

எங்கள் வீட்டில் மட்டும் எனக்கு ஒரு சோதனை நிரந்தரமாகிவிட்டது. “ஒரு நல்ல புத்தகம் படிச்சேன்” என்று நான் வாயைத் திறந்தால் போதும், “பாப்பா, அப்பா கையில என்னா இருக்குன்னு பாரு” என்பாள் செல்வி. மகள் ஓடி வந்து என் இரண்டு கைகளையும் விரித்துப் புரட்டிப் பார்ப்பாள்.

“ஒண்ணும் இல்லம்மா.”

“அப்ப சரி. சொல்லச் சொல்லு.”