முப்பத்தொண்டு அண்ணையின் கப்பல்

பாரிஸில் யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் கண்ணை மூடினால் செய்தி முதலில் மூன்று பேருக்குப் போகும். ஒருவர் ஐயர், அடுத்தவர் சமையற்காரர், மூன்றாமவர் முப்பத்தொண்டு அண்ணை. முதல் இருவருக்கும் பிள்ளைகள் போன் எடுத்துச் சொல்ல வேண்டும். மூன்றாமவருக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. எப்படியோ தெரிந்துவிடும்.

அவருடைய சொந்தப் பெயர் என் கண்ணில் பட்டது ஒரே ஒரு தடவைதான். அதை இங்கே எழுதிப் பயனில்லை. லாச்சப்பல் தமிழ்க் கடைத்தெருவில் அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் ஒருவரும் கை காட்ட மாட்டார்கள். முப்பத்தொண்டு என்றால் மட்டும் மரக்கறிக் கடைக்காரர்கூட, "இப்பத்தான் அங்கால போறார்" என்பார்.

எங்கள் வழக்கத்தில் ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி செய்து, சொந்தபந்தத்தைக் கூப்பிட்டுச் சாப்பாடு போடுவோம். வருகிறவர்கள் கையில் ஒரு நினைவுமலரும் கொடுப்போம். அட்டையில் இறந்தவரின் படம், உள்ளே நாலு பக்திப் பாட்டு, வம்சாவளி, வாழ்க்கை வரலாறு, கடைசியில் நன்றி நவிலல். வாங்கியவர்கள் அதைச் சுருட்டி விசிறுவார்கள், பிறகு கார் து நோர் நிலையத்துக்குப் போகும் ரயிலில் மறந்துவிட்டு இறங்குவார்கள். முப்பத்தொண்டு அண்ணை அதற்காகவே போவார். தெரிந்தவர், தெரியாதவர், சைவம், கிறிஸ்தவம் என்ற பேதம் கிடையாது. சாப்பாட்டுக்கு அலைகிற மனிசன் என்று ஊர் பேசியது. சாப்பிடுவார்தான், ஆனால் வாசித்துக்கொண்டே சாப்பிடுவார். வடை எது, பாயாசம் எது என்று அவருக்குத் தெரிந்திருக்காது.

அந்த நினைவுமலர்களை அச்சடிக்கும் கடையில் நான் 2009இல் வேலைக்குச் சேர்ந்தேன். அண்ணை முதல் தடவை கடைக்குள் வந்தது சண்டை பிடிக்க. கையில் நான் தட்டச்சு செய்த மலர் ஒன்று.

"தம்பி, இந்த அம்மா பந்தடிச்சவவோ?"

எண்பத்திரண்டு வயதில் காலமான அந்த அம்மாவின் வரலாற்றில், 'கல்லூரி உதைபந்தாட்ட அணியின் தலைவராக விளங்கி எதிரணியினரைக் கலங்கடித்தார்' என்று இருந்தது.

"ஐயோ அண்ணை, அது போன கிழமை ஒரு ஐயாக்கு எழுதினது. அழிக்க மறந்திட்டன்."

"முந்நூறு பேருக்குக் குடுத்தவை. ஒருத்தரும் கேக்கேல்லையோ?"

"ஒருத்தரும் வாசிக்கேல்லை அண்ணை."

"நான் வாசிச்சனே!"

அன்று தொடங்கிய பழக்கம். பக்கத்து வட்டாரத்து பிரெஞ்சு உணவகம் ஒன்றில் அவருக்குக் கோப்பை கழுவும் வேலை. மத்தியானக் கோப்பைகளுக்கும் இரவுக் கோப்பைகளுக்கும் இடையில் மூன்று மணி நேரம் கிடைக்கும். அந்த மூன்று மணி நேரமும் என் மேசைக்கு எதிரில்தான்.

மார்க்ஸ் டோர்மோயில் ஏழாம் மாடியில் அவருக்கு ஓர் அறை. லிப்ட் கிடையாது. ஒரு நாள் மூச்சிரைக்க ஏறிப் போனேன். தண்ணீர் கேட்டேன். "பிறிஜ்ஜைத் துறக்காதையும்" என்று பாய்ந்து வந்தார். அதற்குள் திறந்துவிட்டேன். உள்ளே பாலும் இல்லை, முட்டையும் இல்லை. தட்டுத் தட்டாக நினைவுமலர்கள். முட்டை வைக்கும் குழிகளில்கூடச் சுருட்டிச் செருகியிருந்தார்.

"கரண்டு குடுக்கேல்லை. பூச்சி பிடிக்காது, ஈரம் பிடிக்காது. இதைவிட நல்ல நூல்நிலையம் எங்கை இருக்கு?"

பெரிய நூலகங்களில் ராசாக்களின் கதை இருக்கிறது, சுருட்டுக்காரன் கதை தன்னுடைய பிறிஜ்ஜில்தான் இருக்கிறது என்பது அவர் கட்சி. அது வெறும் பேச்சில்லை. யாரோ ஒருவரின் வம்சாவளியில் ஒரு வரி கிடைக்கும், அதைப் பிடித்து அவர் கடலுக்கே போய்விடுவார். உடைந்த கப்பலின் பாய்மரத்தைக் கொண்டுவந்து கோயில் கொடிமரமாக நட்ட ஊர், கரை ஒதுங்கிய அரிசி மூட்டைகளைக் கண்டு மூன்று நாள் பொங்கிச் சாப்பிட்ட ஊர் என்று சொல்லிக்கொண்டே போவார். கடைக்கு வெளியே மேம்பாலத்தில் மெற்றோ ரயில் வரும்போது மட்டும் நிறுத்துவார். அந்த இரைச்சல் அடங்கும்வரை கண்ணை மூடிக்கொண்டிருப்பார். திறக்கும்போது அவர் வேறெங்கோ போய்வந்த மாதிரி இருக்கும். மழை நாளில் கேட்டால் எனக்கும் கடைக் கண்ணாடிக்கு வெளியே கடல் இருப்பது போலத்தான் தோன்றும்.

ஒரு மாட்டுவைத்தியரின் மலரில், அவருடைய பாட்டனார் எழுதி அச்சிட்ட மாட்டுவாகடம் ஒன்று உலகத்தில் ஒரே பிரதிதான் மிச்சம் என்று படித்துவிட்டார். பந்தியில் அழுதுகொண்டிருந்த மகளிடம் போய், "தங்கச்சி, அந்தப் புத்தகம் இப்ப எங்கை?" என்று கேட்டார். "தையல் மெசினுக்கு ஒரு கால் கட்டை அண்ணை, அதுக்குக் கீழ வைச்சிருக்கிறன்" என்றாள் அவள். அண்ணை அன்றைக்கே மரத்துண்டு ஒன்றைச் சீவி எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போய், மெசினுக்குக் கால் வைத்துக் கொடுத்துவிட்டுப் புத்தகத்தை வாங்கிவந்தார். அதற்குப் பிறிஜ்ஜின் மேல்தட்டு, ஐஸ் வைக்கும் இடம், தனியாக ஒதுக்கப்பட்டது.

இவ்வளவு மலர்களையும் எதற்காகத் தேடுகிறார் என்று ஒருநாள் கேட்டேன்.

"மரகதவல்லி" என்றார்.

அது ஒரு பாய்க்கப்பல். இரண்டு பாய்மரம். முன்பக்கத்தில் ஒரு பெண் சிலை. ஒவ்வொரு தடவை கடலுக்குப் புறப்படும்போதும் கப்பல் தலைவர் அந்தச் சிலைக்குப் பொட்டு வைப்பாராம். அண்ணைக்கு இரண்டு வயதில் அது ஓடு ஏற்றிவரப் போனது. போனதுதான். அதில் சமையற்காரராகப் போனவர் அண்ணையின் அப்பா.

"புயல் எண்டுதான் ஊரில சொன்னவை. ஆர் கண்டது? அம்மா முப்பத்தொண்டு செய்ய விடேல்லை. கண்டவன் வந்து சொல்லட்டும், பிறகு பாப்பம் எண்டிட்டா. அம்மா போயிட்டா. கண்டவனைத்தான் நான் தேடுறன். ஆற்றையாவது வரலாற்றில ஒரு வரி வரும் தம்பி."

"வராட்டில்?"

"வராட்டில் அப்பா மாலைதீவுப் பக்கம் எங்கையோ சமைச்சுக்கொண்டு இருக்கிறார். இப்ப தொண்ணூற்றிமூண்டு. நல்ல மீன்குழம்பு சாப்பிடுற ஆக்களுக்கு அது ஒரு வயசே?"

நான் சிரித்தேன். அவரும் சிரித்தார்.

இனி என் திருக்கூத்து.

பாரிஸுக்கு வெளியே எபினேயில் ஒரு பெரியவர் இறந்துபோனார். மகன்மார் இரண்டு பேரும் இங்கே பிறந்து வளர்ந்தவர்கள். வாழ்க்கை வரலாறு கேட்டால் அரைப் பக்கம் தந்தார்கள். "அப்பா வேலைக்குப் போவார், வருவார். அவ்வளவா கதைக்கிறேல்ல" என்றான் மூத்தவன். சின்னவன் அதையே பிரெஞ்சில் சொன்னான். மலர் நாலு நாலு பக்கமாகத்தான் கூடும். பதினைந்து பக்கம் வந்துவிட்டது, ஒரு பக்கம் வெறுமை. அந்தக் கிழமை எனக்கு மூன்று மலர், இரண்டு கல்யாண அட்டை. தினமும் கேட்ட கதை விரலிலேயே இருந்தது. எழுதினேன்:

'இளமையில் மரகதவல்லி என்னும் பாய்க்கப்பலில் பணியாற்றிய அன்னார், அது நடுக்கடலில் புயலில் சிக்கி மூழ்கியபோது ஒரு பலகையைப் பற்றிக்கொண்டு மூன்று நாள் மிதந்து உயிர் பிழைத்தார். உடன் சென்றோர் ஒருவரும் மீளவில்லை.'

எந்த முப்பத்தொண்டையும் விடாத ஒரு மனிசன் இதையும் வாசிப்பார் என்பது எனக்கு அந்த நேரம் நினைவுக்கு வரவேயில்லை. நம்பினால் நம்புங்கள்.

சரிபார்க்க வந்த மகன்மார் படித்துவிட்டு, "அப்பா இதை ஏன் எங்களுக்குச் சொல்லேல்லை!" என்று கட்டிப்பிடித்து அழுதார்கள். யாரிடம் கேட்டு எழுதினாய் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் தப்பியிருப்பேன். மலர்க் கட்டுகளைக் கொண்டுபோய் மண்டபத்தில் இறக்கியபோது வரவேற்பு மேசையில் ஒரு கப்பல் பொம்மை நின்றது. பந்தியில் ஒருவர், "ஓம், கடலில கிடந்த உடம்புதான், பாத்தாலே தெரியும்" என்றார். பாயாசம் வருவதற்குள் பெரியவரோடு அதே பலகையில் மிதக்காதவர் அந்த மண்டபத்தில் குறைவு.

மூலை மேசையில் முப்பத்தொண்டு அண்ணை இருந்தார். முன்னால் சோறு ஆறிக்கொண்டிருந்தது. மலர் விரித்தபடி இருந்தது. நான் பின்கதவால் ஓடிவந்துவிட்டேன்.

அடுத்த நாள் கோட் சூட் போட்டு, முகம் மழித்து, கடைக்கு வந்தார். அப்படி அவரை நான் கண்டதேயில்லை.

"தம்பி, கப்பல் கிடைச்சிட்டுது."

நான் கணினித் திரைப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"அப்பான்ர முப்பத்தொண்டுக்கு ஐயரிட்டைக் கதைச்சிட்டன். அதே மண்டபம்தான். பிறிஜ் நிறைய ஊராக்களின்ர சாவு கிடக்கு, அப்பான்ர மட்டும் இல்லை. மலரை நீர்தான் அடிக்கோணும். பிழை விடாமல் அடியும்."

அப்பாவின் பெயர், அம்மாவின் பெயர், மகன் என்ற இடத்தில் தன் பெயர். ஒவ்வொன்றாகச் சொன்னார், நான் அடித்தேன். பிறப்பு அடித்தேன். இறப்பு என்ற இடத்தில் விரல் நின்றுவிட்டது. ஒரு பக்கத்தை நிரப்புவதற்காக இந்த மனிசனின் அப்பாவை நான் கடலில் தாழ்த்திவிட்டேன். அச்சு மெசின் பழுது என்று சொல்லித் தப்பலாமா என்றுகூட யோசித்தேன். மேலே மெற்றோ போனது. அது போய் முடியும்வரை பொறுத்தேன்.

"அண்ணை, அந்தப் பெரியவர் கப்பலுக்குப் போகேல்லை. பக்கம் நிரப்ப நான் எழுதினது."



"அப்ப புயல்?"

"நான் எழுதினது அண்ணை."

"பலகை?"

"அதுவும்."

"மூண்டு நாள் எண்டது கொஞ்சம் கூடத்தான் எண்டு நானும் நினைச்சனான்" என்றார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார். கோட்டின் கை அவருக்கு நீளம், விரல் நுனி மட்டும் தெரிந்தது. நான் என் வாழ்நாளில் அவ்வளவு வெட்கப்பட்டதில்லை. திட்டுவார், அடிப்பார், எழும்பிப் போவார், இனி வரமாட்டார் என்று இருந்தேன்.

மெல்ல நிமிர்ந்தார். கண் கலங்கியிருந்தது, ஆனால் வாய் ஓரம் விரிந்துகொண்டே வந்தது.

"அப்ப, கப்பல் தாழேல்லை?"

"எனக்குத் தெரியாது அண்ணை."

"உமக்கும் தெரியாது. ஒருத்தருக்கும் தெரியாது. தாழ்ந்ததை ஒருத்தரும் காணேல்லை!" எழும்பி நின்று என் தலையைப் பிடித்து உச்சியில் கொஞ்சினார். "ஒரு ராத்திரி முழுக்க அழுதனான் தம்பி. நல்லவேளை, பொய்!" அங்கேயே நின்று ஐயருக்குப் போன் எடுத்தார். "ஐயா, அப்பா சாகேல்லையாம், பிறகு பாப்பம்!" என்று கடைக்கே கேட்கச் சொன்னார். வரிசையில் நின்ற கல்யாண வீட்டுக்காரர்கள் அவர் கையைப் பிடித்து வாழ்த்தினார்கள்.

எபினேப் பிள்ளைகளிடம் போய்ச் சொல்லவா என்று கேட்டேன். சின்னவன் அதற்குள் தோளில் பாய்க்கப்பலைப் பச்சை குத்தியிருந்தான். "விடும். அது இனி அவையின்ர கப்பல்" என்றார் அண்ணை. தம்பிமார் இதை வாசித்தால் மன்னிக்கவும்.

இதெல்லாம் நடந்து பத்து வருடத்துக்கு மேலாகிறது. அண்ணைக்கு முழங்கால் போய்விட்டது, இப்போது எபினேயில் தரைத்தளத்தில் இருக்கிறார். அந்தப் பிறிஜ்ஜை மலர்களோடு சேர்த்து ஏழு மாடி இறக்கிய நாலு பேரில் நானும் ஒருவன். என் இடுப்பு இன்னும் நேராகவில்லை. முப்பத்தொண்டுகளுக்கு அவரால் போக முடிவதில்லை. மாதம் ஒரு தடவை நான்தான் மலர்களைக் கொண்டுபோகிறேன். கதவைத் திறந்ததும் கேட்பார், "வந்ததோ?" "இன்னும் இல்லை அண்ணை." "வரும், வரும். அப்பாக்கு இப்ப நூற்றிநாலுதானே." மகிழ்ச்சியாக மீன்குழம்பு வைத்துத் தருவார்.

கடையில் ஒவ்வொரு மலரையும் இப்போது வரி வரியாக வாசித்துவிட்டே அச்சுக்கு விடுகிறேன். பக்கம் மிஞ்சினால் ஒன்றும் எழுதுவதில்லை. ஏன் சும்மா விட்டிருக்கிறாய், பூப் படமாவது போடேன் என்று இழவு வீட்டுக்காரர்கள் கோபிக்கிறார்கள். எதையாவது சொல்லிச் சமாளிக்கிறேன். என்றைக்காவது அந்தக் கப்பல் வந்தால், அண்ணைக்கு இடம் வேண்டுமே.