தொடைக்காரர் பேசிக்கொண்டிருந்த சதை

எங்கள் மில் லைன்வீடுகளில் பேய்க்குப் பயந்தவர்களைவிடத் தொடைக்காரருக்குப் பயந்தவர்கள்தான் அதிகம்.

பீளமேட்டில் நானும் அவரும் ஒரே ஷிப்ட். அம்பத்தெட்டு, அம்பத்தொம்பதாம் வருஷம் இருக்கும். அவருக்கு மூலத்துக்கு அறுத்தார்கள். அதோடு பின்பக்கம் அடக்குகிற சக்தி போய்விட்டது. வேலைக்கு வரவில்லை. கோயிலுக்கும் போகவில்லை. அப்புறம் வேறொரு டாக்டர் தொடையின் உள்பக்கத்துச் சதையில் ஒரு பட்டையைப் பிரித்தார். மேல்நுனியை இருந்த இடத்திலேயே விட்டார். கீழ்நுனியை அறுத்து ஆசனவாயைச் சுற்றிக் கட்டினார், சுருக்குப்பைக் கயிறு மாதிரி. தொடையை இறுக்கினால் அது மூடும்.

"நல்லாப் புடிக்குதுங்க. ஆனா அதுக்கு இன்னும் தொடைங்கற நெனப்புப் போகலீங்க" என்பார்.

தனியாக உட்கார்ந்து, குனிந்து, அதனோடு பேசுவார். "கண்ணு, உட்றாத. சித்த நேரம்." வேட்டிக்குள் ஏதோ துடிக்கும். காற்று இருக்காது. நானே பார்த்தேன். பகல்தான்.

அவர் ஆஸ்பத்திரியில் இருந்தபோது அதே வார்டில் எங்கள் ஜாபர், எங்களை விரட்டி வேலை வாங்குகிற மேஸ்திரி, செத்திருந்தார். செத்தவர் சதையை இவருக்கு வைத்துத் தைத்துவிட்டார்கள் என்று பேச்சு. டீக்கடையில் இவர் பெஞ்சில் ஒருத்தரும் உட்காரவில்லை.

நான் கேட்டேன். "ஏனுங்க, உள்ளார இருக்கறது ஜாபருங்களா?"

"ஜாபரா இருந்தா இந்நேரம் என்னைய வேலைக்கு வெரட்டியிருப்பாருங்க."

சிரித்தார். சிரித்தால் பிடி தளரும். சட்டென்று நிறுத்திக்கொண்டார்.

மகளுக்குக் கல்யாணம் வந்தது. தாரை வார்க்க அப்பன் உட்கார வேண்டும். சீர் சடங்கெல்லாம் நீளம். அந்தச் சதையோ சீக்கிரம் சலித்துப்போகும்.

சம்பந்தி சொன்னார். "பெரியப்பனை உக்கார வெய்யுங்க. செத்தவன் சதை மணவறைக்கு ஆகாதுங்க."

"என்ற புள்ளைங்க. என்ற சதைங்க. நான்தான் உக்காருவேன்."

உட்கார்ந்தார். நேரம் ஆக ஆக முகம் வெளுத்தது. மேளம் ஓய்ந்தபோது அந்தக் குரல் கேட்டது. "கண்ணு... கண்ணு..." பக்கத்தில் நின்ற பெண்கள் பின்வாங்கினார்கள். மகள் மட்டும் நகரவில்லை. வேட்டிக்குள் துடிப்பு வேகமானது. திடீரென்று நின்றுபோனது.



தொடைக்காரர் இரண்டு தொடையையும் சேர்த்து நெரித்தார். நெற்றி நரம்பு புடைத்தது. தாரைத் தண்ணீர் நடுங்காமல் விழுந்தது.

எழுந்தார். அவசரப்படாமல் தோட்டத்துப் பக்கம் நடந்தார். வேட்டி வெள்ளையாகவே இருந்தது.

அப்போதுதான் கவனித்தேன். நான் தொடையை இறுக்கிக்கொண்டு நின்றிருக்கிறேன். பக்கத்தில் சம்பந்தியும்.