முதுகால் பார்த்த சுவர்

திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவில் உள்ள சுவர்களை ஊர் உலகமெல்லாம் கண்ணால்தான் பார்த்தது. முதுகால் பார்த்தவர் ஒரே ஒருவர். அவர்தான் சாய்மானம்.

வீட்டில் வைத்த பெயர் வேறு. அந்த இரண்டு ஊர்களுக்கும் இடையே ஓடிய பஸ்ஸில் கண்டக்டர். உட்கார்ந்து டிக்கெட் கிழிக்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை; அவ்வளவு கூட்டம். வருஷக்கணக்காகக் கம்பியில் முதுகைக் கொடுத்தே நின்றார். சொந்தச் சுவரில் ஒருநாளாவது நிம்மதியாகச் சாய வேண்டும் என்பதற்காகவே திண்டிவனத்தில் மனை வாங்கி வீடு கட்டினார்.

பூச்சு வேலை முடிந்ததும் பெயிண்டரான என்னைக் கூப்பிட்டார். சுண்ணாம்பா, டிஸ்டெம்பரா, ஆயில் பெயிண்டா என்று கேட்டேன்.

“எது அடிச்சா இன்னா தம்பி? சாய்ஞ்சா எப்படி இருக்கும், அத்தச் சொல்லு.”

பெயிண்டைக் கையால் தொட்டுப் பார்த்திருக்கிறேனே தவிர, முதுகால் பார்த்ததில்லை என்றேன்.

“அப்போ வா, நாலு வூட்டுல சாய்ஞ்சிக்கினு வரலாம்.”

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். நானோ அடுத்த வீட்டில் ஒரு சொம்பு தண்ணீர் கேட்கவே கூச்சப்படுகிறவன். முதலில் கூட்டிப்போனது மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மண்டிக்காரர் வீட்டுக்கு. உள்ளே நுழைந்தவர் மளமளவென்று சட்டையையும் பனியனையும் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, கூடத்துச் சுவரில் பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டு கண்ணை மூடினார். மண்டிக்காரர் சாப்பாட்டுக் கையோடு ஓடிவந்தார்.

“யாருய்யா நீ? உனக்குச் சாமி கீமி வந்துடுச்சா?”

“ஒண்ணுமில்லீங்க. டிஸ்டெம்பர் கொஞ்சம் சூடு காட்டுது. நீங்க போய்ச் சாப்பிடுங்க.”

நான் அவருடைய சட்டையால் என் முகத்தை மறைத்துக்கொண்டேன்.

விழுப்புரத்தில் ஒரு வாத்தியார் வீடு, விக்கிரவாண்டியில் ஒரு சலூன் என்று அவர் முதுகு போகாத இடமில்லை. சுண்ணாம்புச் சுவர் மட்டும் குளுகுளுவென்று இருந்ததாம். ஆனால் முதுகெல்லாம் வெள்ளை ஒட்டிக்கொண்டது. அதனால் அது வேண்டாம் என்றார். இப்படியே ஆனி மாதம் ஓடிக்கொண்டிருந்தது. அவர் குடியிருந்த வாடகை வீட்டின் சொந்தக்காரர் ஆனிக்குள் காலி செய்யச் சொல்லியிருந்தார். ஆடி பிறந்துவிட்டால் யாரும் புது வீட்டில் பால் காய்ச்ச மாட்டார்கள்.

“ஆடிக்கு முந்தி பால் காயலன்னா, நீங்க உங்க பஸ்ஸுலயே குடித்தனம் பண்ணுங்க. நான் எங்கண்ணன் வூட்டுக்குப் போறேன்” என்று அவர் மனைவி சொல்லிவிட்டார்.

அந்த நேரம் பார்த்து மயிலத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போனோம். மண்டபத்துப் பின்பக்கச் சுவரில் சட்டையைக் கழற்றிவிட்டுச் சாய்ந்தவர், “ஆகா!” என்று அலறினார்.

“ஜில்லுன்னு கீது தம்பி! இதான்! இதான்!”

“யோவ், இப்பதான்யா பெயிண்டு அடிச்சிட்டு நிமிர்ந்தோம்!” என்று வாட்ச்மேன் தலையில் அடித்துக்கொண்டார்.

“அண்ணே, அது ஈரம்ணே. காய்ஞ்சா இப்படி இருக்காது” என்றேன்.

“காயறப்போ பாத்துக்கலாம். ஜல்தி போய் டப்பா வாங்கு.”

முதுகு முழுக்கப் பச்சை. மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தும் போகாமல், மறுநாள் பஸ்ஸில் சட்டைக் காலருக்கு மேல் எட்டிப் பார்த்தது. “கண்டக்டரு வெயிலுக்குத் துளிர் வுட்டுட்டாருடா” என்று பின்சீட்டில் சிரித்தார்கள். அவரும் சேர்ந்து சிரித்தார்.

கூடத்தில் ஒரு சுவருக்கு அதே பச்சை ஆயில் பெயிண்டை அடித்தேன். காய்ந்ததும் வெறும் முதுகோடு ஆசையாகப் போய்ச் சாய்ந்தார். வேர்த்தது. எழுந்திருக்கப் பார்த்தபோது ‘பர்ர்’ என்று துணி கிழிகிற சத்தம் கேட்டது. கிழிந்தது துணியில்லை; வேர்வையில் பெயிண்டோடு ஒட்டிக்கொண்ட முதுகுத் தோல்.

“தம்பி, முதுகு வரமாட்டேங்குதுடா! பேஜாராப் பூட்ச்சே!”

நானும் அவர் மனைவியும் ஆளுக்கு ஒரு கையைப் பிடித்து இழுத்தோம். ஆடிக்கு இரண்டே நாள் இருந்தது. மனிதர் தரையில் உட்கார்ந்து தலையில் கை வைத்துவிட்டார். இனி எந்தச் சுவரையும் நம்ப முடியாது என்றார்.

அவர் மனைவி இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டார்.

“ஏங்க, உங்களுக்கு முதுகு எத்தினி?”

“ஒண்ணுதான். ஏன்?”

“அப்புறம் எதுக்கு நாலு சுவத்துக்கும் ரோசனை பண்ணிக்கினு கெடக்கறீங்க? உங்களுக்கு ஒரு சுவரு. மிச்சமெல்லாம் எனக்கு.”

சாய்மானம் வாயைத் திறந்தபடி என்னைப் பார்த்தார். “ஏன்டா, இது உனக்குக்கூடத் தோணலியா?”

“அவருக்குச் சுண்ணாம்பு அடிங்க தம்பி” என்றார் அந்த அம்மா. “ஒட்டினா ஒட்டிக்கினு போவுது. தொடைக்கிறவ நான்தானே?”

பச்சை ஒன்று, மஞ்சள் டிஸ்டெம்பர் இரண்டு, வெள்ளை ஒன்று. அப்படி ஒரு கூடத்தை நான் அதற்கு முன்னும் அடித்ததில்லை, பின்னும் அடித்ததில்லை. ஆனி கடைசி நாள் காலையில் பால் பொங்கியது. வந்தவர்களுக்கெல்லாம் இலை போட்டு, ஓடி ஓடிப் பரிமாறிவிட்டு, மத்தியானம்தான் அவர் தன் சுவருக்கு வந்தார். சட்டையைக் கழற்றி, காலை நீட்டி, மெல்லச் சாய்ந்தார். எப்படி இருக்கிறது என்று கேட்க எல்லோரும் கூடி நின்றோம்.

அதற்குள் தூங்கிப்போயிருந்தார்.

அவர் மனைவி வாயில் விரலை வைத்துக் கூட்டத்தை வெளியே அனுப்பினார். நான் என் இரண்டு வாளிகளையும் ஒன்றோடொன்று இடிக்காமல், கைக்கு ஒன்றாகத் தூக்கிக்கொண்டு, சத்தமில்லாமல் படியிறங்கினேன்.