வால்வுக்காரரும் நாலு முட்டையும்

திட்டுவதற்கென்றே சம்பளம் கொடுத்துத் திண்டுக்கல்லில் ஓர் ஆளை வைத்திருந்தார்கள் என்றால், அது எங்கள் நாகல் நகர் வால்வுக்காரர்தான். தெருக்களுக்குத் தண்ணீர் திறந்துவிடுவதெல்லாம் அவருக்கு உபதொழில். ஆளுயர இரும்புச் சாவியைத் தோளில் சாத்திக்கொண்டு வால்வு வால்வாக நடப்பார். பெயரை யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அதற்கும் திட்டியிருப்பார்.

சர்க்கரைக்கு நடக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். காலையில் நடக்கப் போய் இவரிடம் மாட்டிக்கொள்வேன். கேபிள் ஒயரில் தேன்சிட்டு கூடு கட்டியிருப்பதைக் கவனிக்காமல் போனதற்கு ஒரு திட்டு. டியூஷன் போர்டு மாட்ட வேப்பமரத்தில் அடித்திருந்த ஆணியைக் குறடால் பிடுங்கி, போர்டை வாத்தியார் வாசலிலேயே எறிந்துவிட்டு வந்தார். சாக்கடையோரத்து எருக்கம்பூவில் உட்கார்ந்திருந்த வண்ணத்துப்பூச்சியைக் காட்டி, "டிக்கெட் போட்டாத்தான் பாப்பீங்க சார்" என்றார். எனக்கு எரிச்சலாகத்தான் வரும். ஆனாலும் பார்த்தேன்.

இரண்டாயிரத்துச் சொச்சம், மழை பொய்த்த வருஷம். பத்து நாளைக்கு ஒருமுறைதான் தண்ணீர். ஒரு பத்தாம் நாள், விடிந்து வெகுநேரமாகியும் குழாயில் சொட்டுக்கூட வரவில்லை. தெருவே குடத்தோடு நின்றது. எனக்குத் தலைக்கேறிவிட்டது. பத்துப் பேரைச் சேர்த்துக்கொண்டு அவரைத் தேடிப் போனேன்.

காலி மனையில், வால்வுக் குழியின் பக்கத்தில் குத்தவைத்திருந்தார். சாவி தரையில் கிடந்தது. தெருவே தவித்துக் கிடக்க உட்கார்ந்து வேடிக்கையா பார்க்கிறீர் என்று கத்தினேன்.

"கத்துறது இருக்கட்டும். கால எங்க வைக்கிறீங்கன்னு பாருங்க" என்றார்.

சரளைக்கல்லோடு கல்லாக நாலு முட்டை. ஆட்காட்டிக் குருவி போட்டது. தாய் தலைக்குமேல் கத்திக்கொண்டு சுற்றியது. அந்த வால்வைத் திறந்தால் ஒழுகிக் குழி நிரம்பும். வழிகிற தண்ணீர் நேரே முட்டைக்குத்தான் போகும். வால்வை மாற்றச் சொல்லி ஆபீஸில் மூன்று மாதமாகத் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறார். அங்கே ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. முட்டையைத் தள்ளி வைத்தால் என்ன என்று கேட்டவருக்குச் செமத்தியாகத் திட்டு விழுந்தது.

நான் விடவில்லை. "புள்ளைக குடிக்கத் தண்ணியில்லண்ணே. நாலு முட்டைக்காகத் தெருவையே காயப்போடுவீங்களா?"

அவர் முகம் கறுத்துவிட்டது. "ரெண்டு வாளி கொண்டாங்க. தொறக்குறேன். குழி நெறைய நெறைய எறைச்சு அந்தப் பக்கமா ஊத்தணும். ஒத்த ஆளால முடியல, அதான் உக்காந்துட்டேன். ஒதவிக்குக் கூப்பிட்டா எவன் வாரான்? சண்டைன்னா பத்துப் பேரு வாரீங்க."

எனக்குச் சுருக்கென்றது. வாளி வந்தது, வால்வைத் திறந்தார். கூட வந்த பத்துப் பேரும் குடத்தைத் தேடி ஓட்டமெடுத்தார்கள். நாங்கள் இரண்டு பேரும் ஒன்றரை மணி நேரம் இறைத்தோம். அந்த நன்றிகெட்ட குருவி எங்கள் மண்டையைக் குறிவைத்துப் பாய்ந்துகொண்டே இருந்தது. "அடியே, ஒனக்காகத்தாண்டி இம்புட்டும்" என்று அதையும் திட்டினார். முட்டை நனையவில்லை. வேலைக்குப் போயிருந்த மனைவி சாயங்காலம் வந்து காலிக் குடங்களைப் பார்த்துவிட்டு என்னைப் பிடித்த பிடி தனிக்கதை.

அடுத்த முறையும் போய் இறைத்தேன். அதற்கடுத்த முறை வாளியோடு போனபோது நாலும் பொரிந்து, சரளையில் குடுகுடுவென ஓடிக்கொண்டிருந்தன. இனி எதற்கு வாளி, வேறு வேலைவெட்டி இல்லையா என்று பிடித்துக்கொண்டார். குஞ்சு பொரிந்த விஷயம் எனக்கு முந்தின நாளே தெரியும். அதை அவரிடம் சொல்லவில்லை.